கை நடுக்கமா, கார் நடுக்கமா?

“1957 அக்டோபர், இரண்டாம் செவ்வாய். மாலை 6.10. அப்பா மூவாரிலிருந்து திரும்பினார். சாப்பிடவில்லை. உம்பாய் தாண்டியதும் 43 மைல் வேகத்தில் ஸ்டியரிங் ஆடியதாம். ‘உமக்குக் கை நடுங்குது’ என்று முதலாளி சொன்னாராம். நடுங்குவது கையா, காரா? கண்டுபிடித்தே தீருவது.”

இது என் இருபதாவது வயதில் நான் எழுதிய குறிப்பு. ‘கண்டுபிடித்தே தீருவது’ என்பதற்குக் கீழே அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒன்பதாவது நாளுக்குள் கண்டுபிடிக்கவும் செய்தேன். அந்தப் பெருமையை நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அதைத்தான் இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

முதலில் என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாக்காவில் காஜா பெராங் பகுதியில், ஒரு வாடகைப் பலகை வீட்டில் நாங்கள் இருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் எண்பது பக்க நோட்டில் தினமும் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைப்பேன். மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், ரொட்டிக்காரர் மணி அடித்த நேரம், எதையும் விடமாட்டேன். சுதந்திரம் வந்த அன்று அக்கம்பக்கத்தார் எல்லாம் ரேடியோவைச் சுற்றி நின்று கண் கலங்கியபோது, எங்கள் கடிகாரத்துக்கும் பக்கத்து வீட்டுக் கடிகாரத்துக்கும் நான்கு நிமிட வித்தியாசம் இருப்பதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். (வித்தியாசம் யாருடைய தவறு என்று அன்றே விசாரிக்கவும் செய்தேன். பக்கத்து வீட்டில் யாரும் முகம் கொடுக்கவில்லை.) நோட்டில் இருப்பது நடந்தது, நோட்டில் இல்லாதது நடக்கவில்லை என்பது அப்போது என் கொள்கை.

அப்பா பெயர் ராமையா. டவுனில் மசாலா வியாபாரம் செய்த மைதீன் முதலாளியிடம் கார் ஓட்டினார். முதலாளியின் பாட்டனார் காலத்திலேயே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம் அது. செவ்வாய்க்கிழமை தோறும் முதலாளி மூவாரில் உள்ள கடைகளுக்கு மாதிரித் தூள் டின்களோடு போவார். கார் ஒரு பழைய சீமைக் கார். போருக்கு முன் செய்தது. செய்த கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது என்பது இந்தக் கட்டுரையின் முடிவுக்குள் விளங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு முன்புதான் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் நான்கு புது டயர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

அந்தச் செவ்வாய் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா கேட்டார்.

“என்னாங்க, தட்டுல கையே வைக்கல. மூவார் சீனன் கடையில மீ சாப்டீங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“இந்தக் கை நடுங்குதாம். மொதலாளி சொல்றாரு.”

அம்மா அப்பாவின் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது சோற்றுத் தட்டின் ஓரத்தில் கல்லைப்போல அசையாமல் கிடந்தது.

விஷயம் இதுதான். முதலாளியின் மச்சானுக்கு வேண்டிய ஓர் இளைஞன் லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். ‘வயசாளி ஓட்டுற காடியில ஏறி உசிரக் குடுக்கப் போறீங்க’ என்று மச்சான் பல நாளாக ஓதிக்கொண்டிருந்தாராம். கார் ஆடியதும் முதலாளி பயந்துவிட்டார். “தீபாவளி வரைக்கும் பாப்போம் ராமையா. அப்பவும் இப்டியே இருந்தா, நீர் கடையில உக்காந்து மூட்டையப் பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்று. ஜப்பான்காரன் காலத்தில் விறகுக் கரியில் ஓடிய லாரியைக்கூட ஓட்டியவர். அவரை மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைப்பது என்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே விசாரணையைத் தொடங்கினேன். ஒரு பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘கை’ என்றும் வலப்பக்கம் ‘கார்’ என்றும் தலைப்புப் போட்டேன்.

கைப் பரிசோதனை சமையலறையில் நடந்தது. விளிம்பு வரை கோப்பி ஊற்றிய கிண்ணத்தை அப்பா வலது கையில் ஏந்தி, கையை நீட்டி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கீழே நான் தட்டுடன் உட்கார்ந்திருந்தேன். சிந்திய துளிகள்: பூஜ்ஜியம். பிறகு இடது கை. துளிகள்: ஒன்று. (மூக்கில் ஈ உட்கார்ந்ததால் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். நேர்மை முக்கியம்.)

“இப்ப குடிக்கலாமா,” என்றார் அப்பா, “இல்ல, ஆறிப்போனதையும் எழுதணுமா?”

‘ஆறிவிட்டது’ என்றும் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது ஊசியில் நூல் கோர்க்கும் பரிசோதனை. முதல் தடவையிலேயே கோர்த்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கோத்த நூல வீணாக்காதீங்க. என் ரவிக்கைக்கு ரெண்டு ஊக்குத் தச்சிட்டுப் போங்க” என்றார். அதையும் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். ஆக, கை குற்றமற்றது. மிச்சம் கார்.

நூலகத்தில் மோட்டார் வண்டிப் பழுதுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அதை எடுத்துவந்து மூன்று நாளில் படித்து முடித்தேன். கார் ஆடுவதற்கு அதில் பல காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஸ்டியரிங் பெட்டியின் பற்கள் தேய்ந்திருக்கலாம். முன்சக்கரங்களைத் தாங்கும் ஆணிகள் தேய்ந்திருக்கலாம். டயர் காற்று கூடக் குறைய இருக்கலாம். இந்த உறுப்புகளில் டயரைத் தவிர வேறு எதையும் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சனிக்கிழமைக்குள் அவற்றைப் பற்றி அப்பாவுக்கே பாடம் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் ஊர்ந்து போனேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் உள்ளே இருந்தேன். அதில் முக்கால் மணி நேரம், கிரீஸ் அடைத்த ஏதோ ஒரு மூட்டில் சிக்கிக்கொண்ட சடையை விடுவிப்பதில் கழிந்தது. கடைசியில் அம்மா கத்தரிக்கோல் கொண்டுவந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஓட்டத்தில் பார்க்காமல் உண்மை வராது. அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடை வாசலில் போய் நின்றேன்.

“மொதலாளி, நானும் மூவாருக்கு வரேன். காடிக்குத்தான் கோளாறுன்னு நான் காட்டுறேன்.”

முதலாளி என்னையும், என் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தையும், காதில் செருகியிருந்த பென்சிலையும் பார்த்தார்.

“ஏறு புள்ள. அப்பாருக்காக நீ பேசாம வேற ஆரு பேசுவா” என்றார்.

முன்னிருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான். பின்னிருக்கையில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் மல்லித்தூள், மிளகாய்த்தூள், மீன்கறி மசாலா என்று மூன்று பெரிய டின்கள். வெயிலுக்காகக் கண்ணாடிகளை எல்லாம் இறக்கியிருந்தோம். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: “செமாபோக், 30 மைல், ஆட்டமில்லை. தெலுக் மாஸ், 35, ஆட்டமில்லை. முதலாளி தூங்குகிறார். உம்பாய், 38. ஒரு கோழி.”

உம்பாய் தாண்டியதும் சாலை நேராகக் கிடக்கும். அப்பா வேகத்தைக் கூட்டினார். நான் முள்ளைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்றில் ஸ்டியரிங் சக்கரத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. முதலில் சின்னதாக ஒரு படபடப்பு. பிறகு முன்கண்ணாடி, என் பென்சில், என் பற்கள் எல்லாம் சேர்ந்து ஆடின. முதலாளி விழித்துக்கொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. அப்பாவின் கை சக்கரத்தை ஆட்டவில்லை. சக்கரம்தான் அவர் கையைப் பிடித்து உலுக்கியது. இதை முதலாளிக்குக் காட்டியாக வேண்டும்.

“அப்பா, கைய எடுங்க.”

“என்னா?”

“ஒரே ஒரு நிமிசம். கைய எடுத்துட்டா, அது தானா ஆடுறது தெரிஞ்சிடும்.”

“ஏ புள்ள,” என்றது பின்னிருக்கை. “வேணாம்.”

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் சக்கரத்திலிருந்து ஓர் அங்குலம் தூக்கினார். சக்கரம் தன்பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடவெடத்தது. இதைவிட நல்ல ஆதாரம் உலகத்தில் இருக்க முடியாது. வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன்.

“பாத்தீங்களா மொதலாளி?”

“பாக்கல. கண்ண மூடிக்கிட்டேன்.”

சாட்சி கண்ணை மூடிக்கொண்ட பரிசோதனை செல்லாது. இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தடிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. சில வகை ஆட்டம் ஒரு வேகத்தில் தொடங்கி, இன்னும் வேகம் போனால் நின்றுவிடும் என்று அது சொன்னது. நின்றால் அது கைநடுக்கமாக இருக்கவே முடியாதே. வேகம் கூடக்கூடத் தெளிகிற கைநடுக்கம் உலகத்தில் உண்டா?

“அப்பா, இன்னும் வேகமா.”

“பின்னால மொதலாளி இருக்காரும்மா.”

“அவரு நல்லதுக்குத்தான். அம்பது போங்க.”

நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. கதவுகள் தாளம் போட்டன. பின்னால் டின்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முதலாளி அரபியில் ஓதத் தொடங்கியிருந்தார். ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டில் எல்லாம் சட்டென்று அடங்கியது. கார் எண்ணெய்மேல் போவதுபோலப் போயிற்று. “நின்னுடுச்சு, மொதலாளி, நின்னுடுச்சு” என்றேன்.

ஆட்டம் நின்றது உண்மை. அதற்குள் மிளகாய்த்தூள் டின்னின் மூடியும் கழன்றிருந்தது என்பதும் உண்மை.

ஐம்பத்திரண்டு மைல் வேகத்தில், நான்கு கண்ணாடியும் இறக்கிய காருக்குள், மூன்று கிலோ மிளகாய்த்தூள் என்ன செய்யும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. முதலில் உள்ளே ஒரு சிவப்பு மேகம் எழுந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தும்மினோம். அந்த நிலையிலும் நான் பென்சிலை விடவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

“அப்பா, இப்ப என்னா வேகம்?”

“தெரியலம்மா. நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்டுறேன்.”

பின்னிருக்கையில் ஓதுவது நின்றுபோனது. அதற்குப் பதில் ஒரு முனகல் வந்தது. கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. நாற்பத்தைந்து வாக்கில் இருக்கும், ஒருமுறை வெடவெடத்தது. பிறகு டயருக்கு அடியில் புல் உரசும் சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றது.

சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் எங்கள் மூவரையும் இறக்கி, பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த கிணற்றுக்கு வரிசையாகக் கைபிடித்து அழைத்துப் போனார். வாளி வாளியாகத் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கண் திறந்ததும் நான் முதலில் செய்த காரியம் காருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்ததுதான். ஒரு சாண், மூன்று விரல்.) சக்கரங்கள் கோடு கிழித்ததுபோலச் சாலையோரத்துக்கு நேராக நின்றிருந்தன. முதலாளி சிவந்த கண்களோடு அந்தச் சக்கரங்களையே வெகுநேரம் பார்த்தார்.

“நாளைக்கு ஆ செங்கிட்ட காட்டுவோம்,” என்றார். “காடிக்கா, ஆளுக்கான்னு அவன் சொல்லட்டும்.”

ஆ செங் என்பவர் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பட்டறை வைத்திருந்த சீனர். முதலாளியின் கார் அவருக்குப் பழக்கம். தீர்ப்பு அவர் கையில் என்றானதும், அவர் தவறிவிடக்கூடாதே என்ற கவலை எனக்கு வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மூன்று பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரித்தேன். கோப்பி, ஊசி, கோழி உட்பட எல்லாம் அதில் இருந்தன. முடிவாக, ஸ்டியரிங் பெட்டியின் பற்கள் தேய்ந்திருப்பதே காரணம் என்று எழுதினேன். அதற்கு முன்னால், என்னை இன்றுவரை துரத்தும் அந்த வாக்கியத்தையும் எழுதினேன்: “சிங்கப்பூரில் டயர் மாற்றிய நாள் முதல் இன்று வரை இக்காரில் எவரும் எதையும் கழற்றவுமில்லை, சேர்க்கவுமில்லை. இதற்கு என் குறிப்பேடே சாட்சி.”

மறுநாள் மாலை பட்டறையில் அறிக்கையை நின்றுகொண்டு உரக்க வாசித்தேன். முதலாளி பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டார். அப்பா காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மிச்ச மிளகாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது. கச்சான் கடலை கொறித்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் மூச்சு வாங்கிய இடத்தில், “சுடா?” என்று அப்பாவிடம் கேட்டார். முடிந்ததா என்று அர்த்தம். முடிந்தது என்று அப்பா தலையாட்டினார்.

ஆ செங் எழுந்துபோய், ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைத் தூக்கினார். விரலால் லேசாகச் சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றி, தள்ளாடி நின்றது. அடிப்பக்கம் வந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். மறுபடி சுற்றினார். அதே கோடு அடியில் வந்து நின்றது. மூன்றாவது முறையும் அப்படியே. புத்தகம், பரிசோதனை, அறிக்கை எல்லாம் சேர்ந்து எனக்கு எட்டு நாள் எடுத்த வேலைக்கு அவர் எடுத்துக்கொண்டது நான்கு நிமிடம். (அதையும் கடிகாரத்தில் பார்த்தேன்.) பிறகு மண்டியிட்டு, சக்கரத்தின் இரும்பு விளிம்பைத் தடவினார். பளபளவென்றிருந்த அந்த விளிம்பில், ஏதோ பற்றியிருந்து எடுத்த மாதிரி இரண்டு தழும்புகள் இருந்தன.

“தீமா மானா?” என்றார்.

“ஈயம் எங்கேன்னு கேக்குறான்,” என்றார் முதலாளி. “என்னா ஈயம்?”

ஆ செங் இழுப்பறையைத் திறந்து, கட்டைவிரல் அளவு சாம்பல் நிறத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். புது டயர் போடும்போது சக்கரத்தில் ஒரு பக்கம் கனமாக இருந்தால், எதிர்ப்பக்கம் இந்த ஈயத்துண்டை விளிம்பில் மாட்டிச் சமன் செய்வார்களாம். அது விழுந்துவிட்டால் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. நாற்பதைத் தாண்டினால் கார் பேயாட்டம் ஆடும். சிங்கப்பூரில் மாட்டியிருப்பார்கள், யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று மலாயில் விளக்கினார்.

அந்தத் துண்டை நான் பார்த்தேன். அதன் உடன்பிறப்புகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆயுத பூஜை. வருஷா வருஷம் அன்றைக்குக் காரை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கழுவி, பொட்டு வைத்து, படையல் போட முதலாளி விட்டுவிடுவார். “ஒங்க சாமி, ஒங்க மொற. எனக்குச் சுண்டலும் பொரியும் வந்துடணும்” என்பதோடு சரி. அந்த வருஷம் சக்கரங்களைத் துலக்குவது என் பங்கு. சுதந்திர நாட்டின் முதல் ஆயுத பூஜை, அழுக்கு என்று ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். விளிம்பு நெடுகச் சாம்பல் நிறத்தில் அசிங்கமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் பட்டறைக்காரனின் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி, திருப்புளியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்து, அந்த இடத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் அண்டை வீட்டுக்காரர் நாயக்கர் நின்றிருந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்காச் செட்டி சமூகத்தவர். எங்களைவிடப் பக்தியாகச் சாமி கும்பிடுவார். பேசுவது மட்டும் மலாய்தான். வலைக்கு ஆகும் என்று அந்தத் துண்டுகளைக் கேட்டார். கையோடு கொடுத்துவிட்டேன்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் நோட்டில் இல்லை. ஏனென்றால் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம், நோட்டு, பேனா எல்லாம் சாமி முன்னால் போய்விடும். விஜயதசமிக் காலை வரை படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. பட்டறையிலேயே பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பூஜைக்கு முந்தின நாள், “மாலை 6.40. நோட்டு பூஜையில் வைக்கப்படுகிறது” என்று ஒரு வரி. அடுத்த வரி, “விஜயதசமி, காலை 7.15. எழுதத் தொடங்கினேன்.” இரண்டுக்கும் நடுவில் அரை அங்குல வெள்ளைத் தாள். அதன்மேல் ஒரு சந்தனப் பொட்டு. அந்த வருஷத்தில் நான் குறித்து வைக்காத ஒரே நாளில்தான் என் கையால் அந்தக் குற்றம் நடந்திருக்கிறது. நோட்டில் இல்லாததால் எனக்கு அது நினைவிலும் இல்லை.

“நான்தான் கழட்டுனேன்,” என்றேன்.

“என்னாது?” என்றார் முதலாளி.

“ஆயுத பூசைக்கு. அழுக்குன்னு நெனச்சி.”

“யாரும் எதையும் கழட்டலன்னு இப்பத்தானே படிச்ச.”

“நோட்டு பூசையில இருந்துச்சு, மொதலாளி.”

முதலாளி என்னையே பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு, பெட்டிமேல் ஆடி ஆடிச் சிரித்தார். ஆ செங் என்னவென்று கேட்க, மூச்சு வாங்கி மலாயில் சொன்னார். ஆ செங் எழுந்து நின்று, “சிக்கு பாண்டாய்” என்றார். டீச்சர் கெட்டிக்காரி என்று பாராட்டு. என் ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அதுதான்.

பிறகு, மொத்தம் எத்தனை துண்டு என்று ஆ செங் என்னைக் கேட்டார். நோட்டைத் திறந்தேன். அதே வெள்ளைத் தாள். ரொட்டிக்காரரின் மணியை எண்ணியவளுக்கு, தன் கையால் பிடுங்கிய ஈயத்தின் எண்ணிக்கை தெரியவில்லை.

“துஜோ,” என்றார் அப்பா, கண்ணாடியைத் துடைத்தபடியே. ஏழு.

ஆ செங் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, புது ஈயம் மாட்டி முடிக்க இருட்டிவிட்டது. மறுநாள் உம்பாய் சாலையில் முதலாளி முன்னிருக்கையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தார். நாற்பது, நாற்பத்து மூன்று, ஐம்பது. ஆட்டமில்லை. (என்னைப் பின்னிருக்கையில் உட்காரவைத்தார்கள். பேசக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்.) திரும்பும்போது முதலாளி சொன்னார்:

“மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன், ராமையா. கண்ணுல மொளகா வச்சிக்கிட்டு கோடு போட்டாப்ல காடிய நிறுத்துன ஆளப் போயி, கை நடுங்குதுன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதீரு.”

“ச்சே, என்னா மொதலாளி,” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் அவர் உட்காரவே இல்லை. அந்தக் கார் விற்கப்படும் வரை அவர்தான் ஓட்டினார். பிறகு வந்த காரையும் அவரே ஓட்டினார். ஈயத்துண்டுகள் நாயக்கர் வலையோடு உஜோங் பாசிர் கடலுக்குப் போய்விட்டன. விஷயம் தெரிந்ததும் அவர் ஒரு நல்ல மீனைக் கொண்டுவந்து கொடுத்து, ‘ஈக்கான் கெரேட்டா’ என்றார். கார் மீன். அதற்கப்புறம் ஆயுத பூஜைக்கு ஹாரனைத் துடைக்க மட்டுமே எனக்கு அனுமதி. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ‘நான் செய்யவே இல்லை’ என்று சாதித்தால், பெரியவர் சிறியவர் எல்லாரும் ஒரே குரலில் கேட்கும் கேள்வி, “நோட்டு பூசையில இருந்துச்சா?” என் கணவருக்குத் திருமணத்தன்றே இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அவர் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்.

அப்பா காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய நோட்டுகளை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பட்டறை நாளின் குறிப்பை மறுபடி படித்தேன். “ஆ செங்: எத்தனை? அப்பா: ஏழு.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூருக்குக் காரைக் கொண்டுபோனவர் அவர். ஈயம் மாட்டியதை நின்று பார்த்திருப்பார், எண்ணிக்கையும் தெரிந்திருக்கும். அப்படியானால், தினமும் காலையில் அந்தச் சக்கரங்களைத் துடைத்தவருக்கு ஏழும் காணாமல் போனது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டா, கை நடுங்குகிறது என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு, கோப்பிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்?

அம்மாவிடம் கேட்டேன். “ஒங்கப்பாவுக்கா? சக்கரம் வட்டமா இருக்கிறதுதான் அவருக்குத் தெரியும். நீ ஈயத்தப் பேத்தப்ப அவரு வாழக்கன்னு வாங்கப் போயிருந்தாரு” என்றார். நாயக்கரிடம் கேட்டேன். இல்லை, அப்பா வாசற்படியில் பொரித் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றார் அவர். இருவருக்கும் அப்போது எழுபது வயதுக்கு மேல். இருவருமே சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று காலை, நான் ஏழாவது ஈயத்தை நெம்பி எடுத்தபோது, அப்பா எங்கே இருந்தார் என்பது உறுதி செய்யப்படவில்லை.